சல்லடையில் தங்கிய வீடு

பன்னீர் விவகாரம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் பிரதீபா நினைத்திருந்தாள்.

மஞ்சக்காட்டூர் நகராட்சியில் அவள் உணவுப் பாதுகாப்பு அலுவலர். ஊரின் சாக்கடைகளிலும் பால் வண்டிகளிலும் கடைகளின் குளிர்பெட்டிகளிலும் பதித்திருந்த கருவிகள் ராப்பகலாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. கெட்ட கிருமி தட்டுப்பட்டால், அது எந்தக் கடையில், எந்தத் தேதிச் சரக்கில் இருக்கிறது என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அடுத்த நிமிடம் ஊர்க்காரர்களின் போனில் சுகாதாரத் துறையின் அலர்ட் ஒலிக்கும். வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் ஆட்கள் வந்து குவிந்த பிறகு எந்த ஓட்டல் என்று தேடி ஓடிய காலமெல்லாம் மலையேறியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை, ஒரு பால் பண்ணையிலிருந்து வந்த பன்னீரில் லிஸ்டீரியா என்ற கிருமி இருந்தது. திடகாத்திரமான ஆளுக்கு அது ஒரு காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிகளுக்குத்தான் ஆபத்து. வாங்கியதைத் தூக்கி எறியுங்கள், சாப்பிட்ட கர்ப்பிணிகள் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், மருந்து இருக்கிறது என்று அலர்ட் போனது. சாயங்காலத்துக்குள் கடைக்காரர்கள் மிச்சப் பொட்டலங்களை மூட்டை கட்டி ஒப்படைத்தார்கள். நான்கு கர்ப்பிணிகள் வந்தார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். அலர்ட் கிடைத்தவர்களில் தொண்ணூற்றாறு சதவீதம் பேர் அதைத் திறந்து படித்திருந்தார்கள். மாவட்டக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிப் பாராட்டினார்கள். நகர்நல அலுவலர் டாக்டர் முகுந்தன் அலுவலகத்துக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்தார்கள்.

அவன் பெயர் தரணிகுமார். சாயப்பட்டறையில் வேலை. முப்பது வயதிருக்கும். அவள் சஷ்மிதா, அவனைவிட நாலைந்து வயது இளையவள். புடவை முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துச் செருகியிருந்தாள். நாற்காலியில் உட்காரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். இன்னும் உடம்பு அந்தப் பாரத்தை மறக்கவில்லை என்பதைப் பார்த்ததுமே பிரதீபா புரிந்துகொண்டாள்.

"ஏழாம் மாசமுங்க," என்றான் தரணி.

மிச்சத்தைச் சஷ்மிதாதான் சொன்னாள். அவள் குரல் சமமாக இருந்தது.

"காய்ச்சல் வந்துச்சுங்க மேடம். சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சோம். அப்பறம் வயித்துல அசைவு இல்ல. ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணிட்டு, பன்னீர் சாப்பிட்டியான்னு கேட்டாங்க. சாப்பிட்டேன். ரத்தம் கம்மியா இருக்கு, நல்லா சாப்பிடச் சொன்னாங்கன்னு இவருதான் ஞாயித்துக்கெழம வாங்கியாந்தாரு. பச்சையா வெட்டி மொளகுத்தூள் போட்டுத் திம்பேன். வெள்ளிக்கெழம வரைக்கும் தின்னேன்."

"அலர்ட் திங்கட்கிழமை போச்சே," என்றாள் பிரதீபா. வாய் முந்திக்கொண்டது.

"அதத்தான் கேக்க வந்தோம். எதுத்த வீட்டுக்கு வந்துச்சு. கீழ் வீட்டுக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் ஏனுங்க வரல?"

தரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரித்துவிட்டு நானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று பிரதீபா அவர்களை அனுப்பிவைத்தாள். பிறகு, அலர்ட் அமைப்பைப் பராமரிக்கும் கம்பெனியின் எஞ்சினியர் விபினைக் கூப்பிட்டாள். அவன் வந்து, தரணிகுமாரின் எண்ணை மடிக்கணினியில் தட்டிப் பார்த்தான். ஆச்சரியமே படவில்லை.

"சல்லடையில நின்னுருச்சு மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"போன வருஷம் நீங்களும் டாக்டரும் ஓகே பண்ணதுதான். ஞாபகம் இல்லியா?"

ஞாபகம் இருந்தது. முன்பெல்லாம் எல்லா அலர்ட்டும் எல்லாருக்கும் போய்க்கொண்டிருந்தது. ஊசிப்போன பப்ஸ், சாயம் போட்ட பட்டாணி, பஞ்சுமிட்டாய், பானிபூரித் தண்ணீர் என்று ஒரு நாளைக்கு நாலைந்து. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. போன் கூவினால் என்னவென்று பார்க்காமலே விரலால் தள்ளினார்கள். அப்படி இருக்கும்போதுதான் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தது. அந்த அலர்ட்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். மஞ்சள் காமாலையில் மூன்று பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் கம்பெனி சல்லடை என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது.

"யார் படிப்பாங்க, யார் தள்ளி விடுவாங்கன்னு அது பழகிப் பழகித் தெரிஞ்சுக்கும்," என்றான் விபின். "தள்ளி விடறவங்களுக்குச் சின்ன விஷயத்தயெல்லாம் அனுப்பாது. பெருசா ஒண்ணு வந்தா மட்டும் அனுப்பும். எப்பவாச்சும் வந்தாத்தான என்னமோ ஏதோன்னு எடுத்துப் பாப்பாங்க? அவங்க நல்லதுக்குத்தான் மேடம். இவரு ஒண்ணர வருஷமா ஒண்ணுகூடப் படிக்கல. அத்தனையும் தள்ளி விட்டிருக்காரு."

"இது சின்ன விஷயமா விபின்?"

"அவருக்குச் சின்ன விஷயம்தான். நம்பர் அவரோடது. முப்பது வயசு, நோய் நொடி இல்ல. லிஸ்டீரியா அவர ஒண்ணும் பண்ணாது."

"அவர் மனைவி கர்ப்பமா இருந்தாங்க. நம்மகிட்டயே பதிவு பண்ணியிருக்காங்க. இதே கட்டடத்துல, கீழ் மாடியில."

"அது தாய்சேய் நலப் பிரிவு மேடம். அந்தத் தகவல எங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம். யாரு கர்ப்பம், யாரு இல்லங்கறது அந்தரங்கமாச்சே. குடும்ப அட்டைக்கு ஒரு நம்பர். அந்த நம்பர்க்காரர் எப்படியோ, வீடு அப்படி. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

பிரதீபாவுக்கு மாவட்டக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

"தொண்ணூத்தாறு சதவீதம் பேர் படிச்சாங்கன்னு சொன்னோமே."

"நாம அனுப்பினவங்கள்ல தொண்ணூத்தாறு."

"அனுப்பாதவங்க?"

விபின் மடிக்கணினியை மூடினான். "அவங்க கணக்குலயே வர மாட்டாங்க மேடம்."

டாக்டர் முகுந்தன் கெட்ட மனிதரல்ல. விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். காமாலை வந்தபோது செத்தவர்களில் ஒருவரை அவர் தன் கையால் ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார். சல்லடை இல்லாவிட்டால் மறுபடி அதே கதிதான் என்று அவர் மனதார நம்பினார்.

"தொடர்ந்து அலர்ட்டை அலட்சியம் செய்த வீடுன்னு எழுதிருங்க பிரதீபா. பொய் இல்லியே."

"அப்படி எழுதினா அந்தப் பையன்தான் குழந்தையக் கொன்னான்னு அர்த்தம் சார். அந்தப் பொண்ணு அவன்கூட எப்படி இருப்பா?"

"வேற என்னதான் சொல்றது?"

"டவர் கோளாறுன்னு சொல்லலாம். அந்தத் தெருவுல அன்னிக்கு சிக்னல் விட்டு விட்டுத்தான் இருந்திருக்கு."

முகுந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தார். டவர் கோளாறு என்றால் யார் தலையும் உருளாது. சல்லடையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். சல்லடைக்கு ஒப்புதல் தந்த இரண்டு கையெழுத்துகளைப் பற்றியும் கேட்க மாட்டார்கள். அது பிரதீபாவுக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் அதற்காக நான் சொல்லவில்லை, ஒரு குடும்பம் உடையாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது முழுப் பொய்யும் அல்ல. அறிக்கையிலும் டவர் கோளாறு என்றே எழுதினாள்.

அவர்கள் வீடு ஒரு சந்துக்குள், முதல் மாடியில் இருந்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை. சுவரோரம் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. மேலே தொட்டில் படம் போட்டிருந்தது. பிரதீபா அதன் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள். சஷ்மிதா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"விசாரிச்சுட்டேம்மா," என்றாள் பிரதீபா. "அன்னிக்கு இந்தத் தெரு டவர்ல கோளாறு. சில வீடுகளுக்கு அலர்ட் போய்ச் சேரல. உங்க வீடும் அதுல ஒண்ணு. எங்க தப்புதான். மன்னிச்சுக்குங்க."

தரணி ஒரு நீண்ட மூச்சு விட்டான். இவ்வளவு நாளும் காதுவரை தூக்கியிருந்த தோள்கள் இறங்கின. "டவர் கோளாறாமா சஷ்மி," என்றான் மனைவியைப் பார்த்து. அழுகையும் நிம்மதியும் கலந்த குரல்.

சஷ்மிதா பிரதீபாவைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மேடம்," என்றாள் கடைசியில். "டீ ஆறிப்போகுது, குடிங்க."

பிரதீபா கிளம்பியதும் தரணி பின்னாலேயே படியிறங்கி வந்தான். சந்து முனையில் அவள் ஸ்கூட்டரை எடுக்கப் போனபோது வழியை மறித்தாற்போல நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கணுமுங்க. பட்டறைல வேல செய்யறப்ப போன் கூவிட்டே இருந்தா மேஸ்திரி திட்டுவாருங்க. அதனால வர்றதயெல்லாம் பாக்காமத் தள்ளி விட்ருவனுங்க. வீட்டுக்கு வந்தும் அதே பழக்கமாப் போச்சு. அதனாலதான் எனக்கு அனுப்பாம விட்டுட்டாங்களா?"

வெயில் முகத்தில் அடித்தது. அவன் கண்களைச் சுருக்கிக்கொண்டு அவள் பதிலுக்காக நின்றான். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பின்னாளில் பிரதீபாவுக்குப் பலமுறை தோன்றியது.

"இல்லீங்க தரணி," என்றாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மனசப் போட்டு வருத்திக்காதீங்க. வீட்டுக்காரம்மாவ நல்லாப் பாத்துக்குங்க."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்டபடியே அழுதான்.

மழைக்காலம் வந்து போனது. மாவட்டத்தின் மற்ற ஊர்களிலும் சல்லடையை வைத்தார்கள். மஞ்சக்காட்டூரைப் பார்த்துத்தான் வைத்தார்கள். விபினின் கம்பெனி பிரதீபாவை ஒரு கருத்தரங்குக்கு அழைத்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அவள் போகவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் சஷ்மிதா தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"புதுசா ரேஷன் கார்டு வாங்கியிருக்கேன் மேடம். என் பேர்ல தனியா. அலர்ட்டு என் நம்பருக்கு வர்ற மாதிரி சேத்துக் குடுக்கறீங்களா? கீழ கேட்டேன், உங்களப் பாக்கச் சொன்னாங்க."

"தனியாவா?" என்றாள் பிரதீபா. "தரணி?"

"அவரு அங்கதான் இருக்காரு. நான் எங்கம்மா வீட்டுக்குப் பக்கத்துல ரூம் எடுத்துட்டேன்."

"ஏம்மா? ஏதாவது பிரச்சினையா? அடிச்சாரா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. அவரு ஈ எறும்புக்குக்கூடப் பாவம் பாப்பாரு."

சஷ்மிதா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், டவர் கோளாறுன்னு நீங்க சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

பிரதீபா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவரு தள்ளி விடறத நான் பக்கத்துல நின்னு எத்தனவாட்டி பாத்திருக்கேன். 'என்னன்னு பாருங்க மாமா'ன்னு சொல்லுவேன். 'அட, இவனுங்களுக்கு வேற வேல இல்ல'ம்பாரு. அப்பறம் அப்பறம் வர்றதே நின்னுபோச்சு. ஒழிஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டாரு. எதுனாலன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க ஆபீசுக்கு வந்து கேட்டனே, அது உங்ககிட்டத் தெரிஞ்சுக்கறதுக்காக இல்ல. உங்க முன்னால வெச்சாவது அவரு வாயத் தொறந்து சொல்லுவாருன்னுதான் கூட்டியாந்தேன்."

"உங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிரக் கூடாதுன்னுதாம்மா நான் அப்படிச் சொன்னேன்."

"தெரியுமுங்க. நல்ல மனசோடதான் சொன்னீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "ஆனா நீங்க சொன்னதும் அவரு மூச்சு விட்டாரு பாருங்க, மேடம். அப்பாடான்னு. அதப் பாத்தேன். குழந்த போன நாள்ல இருந்து எங்கூட அழுதுட்டிருந்த மனுசன், அந்த நிமிசத்துல எழுந்து போயிட்டாரு. அதுக்கப்பறம் அவரு நல்லா சாப்புட்டாரு, தூங்குனாரு. நான் மட்டும் அங்கயே கெடந்தேன். 'என்னாலதான் சஷ்மி'ன்னு ஒருவாட்டி சொல்லியிருந்தா, நான் நாலு அடி அடிச்சிருப்பேன், சண்ட போட்டிருப்பேன். ஆனா வீட்ட விட்டு வந்திருக்க மாட்டேன். உங்க பொய்ய வெச்சுட்டு அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு."

வெளியே யாரோ பிறப்புச் சான்றிதழ் கவுன்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தரணி தன்னிடம் கேட்டதை இவளிடம் சொல்லலாமா என்று பிரதீபா யோசித்தாள். படியிறங்கி ஓடிவந்து, வெயிலில் நின்று கேட்டவனின் வாயைத் தானே அடைத்ததைச் சொல்லலாமா? சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

சஷ்மிதா அடையாள அட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்ககிட்டக் கேட்டாருங்களா?" என்றாள். பிறகு, "எங்கிட்டக் கேக்கல பாத்தீங்களா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நம்பரச் சேத்துக் குடுங்க மேடம். ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."

பிரதீபா எண்ணைப் பதிந்தாள். உள்ளே போய்ப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. புது அட்டைக்காரர்களின் பழக்கம் சல்லடைக்குத் தெரியாது. அதனால் அவர்கள் எந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்து வந்தார்களோ, அந்தக் குடும்பத்தின் பழக்கத்தையே அவர்களுடையதாக எடுத்துக்கொண்டிருந்தது. சஷ்மிதாவின் பெயருக்கு நேரே தரணி தள்ளிவிட்ட அலர்ட்டுகள் அத்தனையும் ஏறியிருந்தன.

"இனிமே எனக்கு வருமுங்களா?"

வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எழுந்து நிற்பவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"வராதும்மா," என்றாள் பிரதீபா. ஏன் வராது என்பதையும் சொன்னாள். சல்லடையைப் பற்றி, அதற்கு ஒப்புதல் தந்தவர்களில் தானும் ஒருத்தி என்பதைப் பற்றி.

சஷ்மிதா சிரித்தாற்போல இருந்தது. "தாலியக்கூடக் கழட்டி வெச்சுரலாம் போல. அவரு பழக்கத்தக் கழட்டி வெக்க முடியாதா?"

அன்று மத்தியானமே பிரதீபா டாக்டர் முகுந்தனின் அறைக்குப் போனாள். டவர் கோளாறு என்று நான் எழுதியது பொய், சல்லடையை நிறுத்துங்கள், அல்லது வீட்டுக்கு ஒரு எண் என்பதையாவது மாற்றுங்கள் என்றாள். எழுத்திலும் கொடுத்தாள். முகுந்தன் அதை மேலே அனுப்பினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். மேலேயிருந்து இரண்டு பதில்கள் வந்தன. பொய் அறிக்கை தந்ததற்காகப் பிரதீபாவுக்கு ஒரு மெமோ. ஊதிய உயர்வை ஓராண்டுக்கு நிறுத்தினார்கள். சல்லடை பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம். இரண்டாவதைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. தரணிக்கு அவள் போன் செய்தாள். அவனுக்கும் உண்மை சேர வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் எண்ணைப் பார்த்ததும் அவன் தள்ளிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனாள். கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான் போலிருக்கிறது. "சொல்லாதீங்க மேடம்," என்றான். "சொல்லாதீங்க." அவள் சொன்னாள். அவன் கதவைச் சாத்தவில்லை. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டான். சஷ்மிதாவிடம் போனானா, பேசினானா என்று பிரதீபா விசாரிக்கவில்லை. அந்த வீட்டு விஷயத்தில் ஒருமுறை புகுந்தது போதும் என்று இருந்தது.

வெயில் காலத்தில், பனியன் கம்பெனிகளின் வாசலில் விற்கும் வெட்டிய பப்பாளிப் பொட்டலங்களில் சால்மொனெல்லா கிருமி இருப்பதாகக் கருவிகள் காட்டின. அலர்ட் போனது. யார் யாருக்குப் போகாது என்று பிரதீபா பார்த்தாள். திரையைத் தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தனை பேரையும் ஒருத்தியால் கூப்பிட முடியாது. அவள் தன் சொந்தப் போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழைத்தாள்.

வெகுநேரம் அடித்த பிறகு சஷ்மிதா எடுத்தாள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"சஷ்மிதா, பிரதீபா பேசறேன். கேட் வாசல்ல விக்கற பப்பாளி வாங்கியிருந்தா சாப்பிடாதீங்க. தூக்கிப் போட்ருங்க."

"என்னதுங்க மேடம்? சத்தமாச் சொல்லுங்க."

பிரதீபா எழுந்து நின்று கத்தினாள். அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆங், கேட்டுருச்சு," என்றாள் சஷ்மிதா. பிறகு போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு பக்கத்து மெஷின்காரியிடம் உரக்கச் சொன்னாள். "அக்கா, பப்பாளி திங்காதீங்க. கெட்டுப்போச்சாமா. அந்தப் பக்கம் சொல்லுங்க." அந்த அக்கா இன்னொருத்தியிடம் சொல்வது கேட்டது. அவள் அடுத்தவளிடம். குரல் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. பிறகு மெஷின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. எத்தனை வரிசை தாண்டியது, எங்கே நின்றது என்று பிரதீபாவுக்குத் தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டபடி நின்றாள்.

"வெச்சிரட்டுங்களா மேடம்," என்றாள் சஷ்மிதா. "சூப்பர்வைசர் பாக்கறாரு."